முக்தெனுக்குத் திரும்பி வந்த ரயில்: ஆர்தர் ஜாக்சன் (1884–1911)

2020 ஊரடங்கு நாட்களில் முகக்கவசத்தின் வரலாற்றைத் தேடப் போனேன். அந்தத் தேடல் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-தேயிடம் கொண்டுபோய் விட்டது. 1910-11 மஞ்சூரியப் பிளேக்கின்போது பஞ்சும் மெல்லிய துணியும் சேர்த்த முகக்கவசத்தை வற்புறுத்தியவர் அவர். அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் மனதில் தங்கியது அதே கதையில் ஓரமாக வந்துபோகும் இன்னொரு பெயர்: ஆர்தர் ஜாக்சன்.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் 1884-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து டாக்டரானார். ஸ்காட்லாந்து மிஷனரி டாக்டர் டுகால்ட் கிறிஸ்டி முக்தெனில் (இன்றைய ஷென்யாங்) ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கத் திட்டமிட்டிருந்தார். அதில் பாடம் நடத்தத்தான் 1910 நவம்பரில் ஜாக்சன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

வந்த வேகத்திலேயே பிளேக்கும் வந்துவிட்டது. இது நமக்குத் தெரிந்த நெறிகட்டும் பிளேக் இல்லை, நுரையீரலைத் தாக்குவது. எலி, தெள்ளுப்பூச்சி எதுவும் வேண்டாம், இருமலே போதும். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்ட மர்மோட் என்ற பிராணியிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, ரயில் பாதை வழியாகத் தெற்கே இறங்கியது. பிடித்தவர்களில் பிழைத்தவர் அநேகமாக யாருமில்லை.

சீனப் புத்தாண்டு அந்த வருஷம் ஜனவரி 30. மஞ்சூரியாவில் கூலி வேலை செய்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி நடுவில் முக்தெனிலிருந்து கிளம்பிய ஒரு ரயிலில் சுமார் 470 பேர். வழியில் சிலர் செத்துப்போக, ஷான்ஹைகுவானில் தடுத்து, ரயிலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உறைய வைக்கும் குளிரில் திரும்பி வந்தவர்களை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த சத்திரங்களில் அடைத்தார்கள். நோய் வந்தவர், வராதவர் எல்லாரும் ஒன்றாக. (2020-ல் ஊர் திரும்ப முடியாமல் நின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.)

அங்கே வேலை பார்க்க ஜாக்சன் தானாகவே முன்வந்தார். தினமும் ஒவ்வொருவராகப் பரிசோதிப்பது, காய்ச்சல் கண்டவர்களைப் பிரிப்பது, பிணங்களை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்வது. அசட்டுத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. முகக்கவசம், வெள்ளை அங்கி, உயரமான பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனார். அதே மாதம் ஹார்பினில் முகக்கவசம் வேண்டாமென்று மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி இறந்திருந்தார். கவசம் போட்ட ஜாக்சனும் தப்பவில்லை. ஒரு வாரத்துக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். ஜனவரி 25 அன்று இறந்தார். வயது 26.

மஞ்சூரியாவின் வைஸ்ராய் ஷிலியாங் அவருக்கான நினைவுக் கூட்டத்துக்கு நேரில் வந்து பேசினார். பத்தே ஆண்டுகளுக்கு முன் பாக்ஸர் கலவரத்தில் மிஷனரிகள் கொல்லப்பட்ட, முக்தெனில் கிறிஸ்டியின் ஆஸ்பத்திரி எரிக்கப்பட்ட நாடு அது. ஜாக்சன் குடும்பத்துக்கு வைஸ்ராய் 10,000 டாலர் கொடுத்தார். விதவையான அவருடைய அம்மா அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளவில்லை, மகன் பாடம் நடத்த வேண்டியிருந்த கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். 1912-ல் அந்தக் கல்லூரி திறந்தது.

அந்தப் பிளேக்கில் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். ஜாக்சனுக்குப் பெயர் இருக்கிறது, வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அந்த ரயிலில் இருந்த 470 பேரில் ஒருவர் பெயர்கூட நான் படித்த எதிலும் இல்லை. அவர்களுக்காகத்தான் அவர் உள்ளே போனார் என்பதால் இதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.