பொத்தான் போர்வை தைத்த பாட்டி

ஒரு மக்களை ஒடுக்க நினைக்கும் அரசு நிலத்தைப் பறிப்பதோடு நிற்பதில்லை. அவர்கள் கூடும் விழாவிலும் ஆடும் ஆட்டத்திலும் உடுத்தும் துணியிலும் கைவைக்கிறது. யார் எதை உடுத்தலாம் என்று அடுத்தவர் தீர்மானித்த கொடுமையை நம் மக்களும் அறிவார்கள். அதனால்தான், கனடாவின் மேற்குக் கடலோரத் தீவொன்றில் வாழ்ந்த புளோரன்ஸ் ஈடன்ஷா டேவிட்சன் என்ற மூதாட்டியின் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

அவர் ஹைடா என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஹைடா குவாய் தீவுக்கூட்டம் அவர்களது தாய்நிலம். வெள்ளையர்கள் அதற்குத் தங்கள் கப்பல் ஒன்றின் பெயரைச் சூட்டி, குயின் சார்லட் தீவுகள் என்று வரைபடத்தில் எழுதிக்கொண்டார்கள். 1862-இல் பரவிய பெரியம்மை ஊர் ஊராக ஆட்களைக் கொன்றது. பல ஆயிரம் பேராக இருந்த ஹைடா மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 600 பேராகக் குறைந்துபோனார்கள்.

பிழைத்தவர்களின் பண்பாட்டைச் சட்டம் நெரித்தது. ஹைடா மக்களிடம் குலம் தாய்வழியில் வருகிறது. அண்டங்காக்கை, கழுகு என இரண்டு பிரிவுகள் உண்டு. பெயர், பட்டம், குலச்சின்னம் ஆகியவற்றின் மீதான உரிமையைப் 'பாட்லாட்ச்' என்னும் விருந்தில் அறிவிப்பார்கள். வந்தவர்களுக்கு விருந்து வைத்தவர் பொருள்களை வாரி வழங்குவார். பெற்றுக்கொண்டவர்கள் அந்த உரிமைக்குச் சாட்சி ஆவார்கள். பத்திரப்பதிவு அலுவலகமும் நீதிமன்றமும் அவர்களுக்கு அந்த விருந்துதான். கனடா அரசு அதைக் குற்றம் என்று சட்டம் போட்டது. 1885 முதல் 1951 வரை அந்தத் தடை நீடித்தது. மீறினால் சிறை.

அந்தத் தடைக்காலத்தில், 1896-இல், மாசெட் ஊரில் பிறந்தவர் புளோரன்ஸ். தந்தை சார்லஸ் ஈடன்ஷா பெயர்பெற்ற சிற்பி. தாய் இசபெல்லா மரவேரில் கூடையும் தொப்பியும் பின்னுவார், தந்தை அவற்றின்மேல் ஓவியம் தீட்டுவார். வெளியுலகம் வரைந்தவரைக் கலைஞர் என்று கொண்டாடியது. பின்னியவரின் பெயர் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. உழைக்கும் பெண்ணின் கைவேலைக்கு எங்கும் இதே கதிதான்.

புளோரன்ஸுக்கு 14 வயதில், பெரியவர்கள் பேசிமுடித்தபடி, தம்மைவிட மிகவும் மூத்த ராபர்ட் டேவிட்சனுடன் திருமணம் நடந்தது. 13 பிள்ளைகளைப் பெற்றார். இத்தனை பாடுகளுக்கும் பிறகு, பிற்காலத்தில் அவர் ஊசியைக் கையில் எடுத்துத் தைத்தவை பொத்தான் போர்வைகள்.

கருநீலமோ கறுப்போ ஆன கம்பளித் துணி. அதன்மேல் சிவப்புத் துணியில் வெட்டித் தைத்த குலச்சின்னம். சுற்றிலும் முத்துச்சிப்பிப் பொத்தான்களின் வரிசை. தோளில் போர்த்தி ஆடும்போது முதுகிலுள்ள சின்னம் எல்லோருக்கும் தெரியும். துணியும் பொத்தானும் வெள்ளை வணிகரிடம் வாங்கியவை. அதில் எழுதப்பட்ட உரிமையோ ஹைடா மக்களுடையது.

1969-இல் அவரது பேரன் ராபர்ட் டேவிட்சன், 22 வயது இளைஞர், மாசெட்டில் ஒரு குலமரத்தைச் செதுக்கி நட்டார். ஏறத்தாழ 90 ஆண்டுகளில் அந்த ஊரில் எழுந்த முதல் மரம் அது. விழாவுக்கு முன் மூத்தவர்கள் கூடிப் பழைய பாடல்களை நினைவிலிருந்து தேடி எடுத்தார்கள். ஒரு பாட்டுக்கு முகமூடி வேண்டும். கையில் முகமூடி இல்லை. புளோரன்ஸ் ஒரு காகிதப்பையை எடுத்து, கண்ணுக்குத் துளையிட்டு, முகத்தில் மாட்டிக்கொண்டு ஆடிக் காட்டினார். ஹைடா முகமூடிகள் அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. ஆட்டம் மட்டும் பாட்டியின் உடலில் பத்திரமாக இருந்தது.

மானுடவியலாளர் மார்கரெட் பிளாக்மேன் பதிவுசெய்த அவரது வாழ்க்கை வரலாறு 1982-இல் நூலாக வந்தது. 1993-இல் அவர் மறைந்தார்.

1985-இல் லயல் தீவின் காடுகளை வெட்ட நிறுவனங்கள் வந்தபோது, ஹைடா மக்கள் சாலையில் அமர்ந்து மறித்தார்கள். கைதானவர்களில் மூதாட்டிகளும் உண்டு. அவர்கள் பொத்தான் போர்வை போர்த்தி அமர்ந்திருந்தார்கள். இது எங்கள் நிலம் என்பதற்கான சான்று அவர்களின் தோளிலேயே கிடந்தது. ஹைடா குவாய் என்ற பெயர் 2010-இல் முறைப்படி மீண்டது. தீவுகள் முழுவதும் ஹைடா மக்களின் உரிமைநிலம் என்பதைப் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு 2024-இல் ஏற்றுக்கொண்டது.

அரசின் ஏட்டில் ஒரு மக்களின் உரிமை அடிக்கப்பட்டிருக்கலாம். பாட்டிமார்களின் பாட்டிலும் தையலிலும் ஆட்டத்திலும் அது உயிரோடு இருக்கிறது. நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நம் பொறுப்பு.