பல் முளைக்கும் தூள்

இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மரணப் பதிவேடுகளில், 1839-ஆம் ஆண்டில் மட்டும் 5,016 மரணங்களுக்குப் பல் முளைத்தலே காரணம் என்று எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அக்குழந்தைகளைக் கொன்றவை பேதியும் காய்ச்சலும் போன்ற பிற நோய்களே. அவை தாக்கும் பருவமும் பல் முளைக்கும் பருவமும் ஒன்றாயிருந்தமையால், பழி பல்லின்மேல் விழுந்தது. நான் சொல்ல விழையும் வரலாறு இந்த வீண் அச்சத்திலிருந்தே தொடங்குகிறது.

பல் முளைக்கும் குழந்தைக்கென்றே கடைகளில் ஒரு தூள் விற்கப்பட்டது. அதில் 'கலோமெல்' என்னும் பாதரச உப்பு இருந்தது. நம் சித்த மருத்துவர்கள் 'பூரம்' என்பதும் இதையே. அது மலத்தை இளக்கும். நீரில் எளிதிற் கரையாது. ஆதலால் தீங்கற்றது என்று மருத்துவரும் நம்பினர். தாய்மார்கள் அன்போடு வாங்கிக் குழந்தையின் நாவில் இட்டனர்.

1903-இல் ஜெர்மனியில் செல்ட்டர் என்பவரும், 1914-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்விஃப்ட் என்பவரும் ஒரு விந்தையான நோயை விவரித்தார்கள். குழந்தையின் கைகளும் பாதங்களும் இளஞ்சிவப்பாகிச் சில்லிடும், தோல் உரியும், உடல் வியர்த்துக் கொட்டும். வெளிச்சத்தைக் காணப் பொறாமல் குழந்தை முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்ளும். தன் மயிரைத் தானே பிடுங்கும். பற்கள் உதிர்வதும் உண்டு. இரவும் பகலும் உறங்காது, உண்ணாது அழும் இக்குழந்தைகளைப் பேணுவது தாதியர்க்குப் பெருந்துயராயிருந்தது. உணவுக் குறையே காரணம் என்றனர் சிலர்; தொற்று என்றனர் வேறு சிலர்.

வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிற் பணியாற்றிய ஜோசப் வார்க்கனி, 1945-இல் இந்நோயுற்ற குழந்தை ஒன்றின் சிறுநீரைச் சோதிக்கச் செய்தார். அதில் பாதரசம் மிகுந்திருந்தது! ஹப்பர்ட் என்னும் துணைவருடன் மேலும் பல குழந்தைகளை ஆராய்ந்து, 1948-இல் முடிவை வெளியிட்டார்.

இத்தனை காலம் இவ்வுண்மை மறைந்திருந்தது எப்படி? தூளை உண்ட குழந்தைகளிற் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேரவில்லை. மிகச் சிலரே நோயுற்றனர். அதனினும் கொடியது மற்றொன்று. நஞ்சின் முதற்குறி ஓயாத அழுகை. அழுகைக்கு மருந்து அந்தத் தூள்! குழந்தை அழ அழ, தாய் மேலும் ஊட்டினாள். தூளை ஒரு மருந்தென்றே எண்ணாத தாயிடம், "என்ன மருந்து கொடுத்தாய்?" என்று கேட்டாலும் விடை வந்திராது என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போரில் நச்சுப் புகைக்கு மாற்றாக ஆக்ஸ்போர்டில் கண்டறியப்பட்ட 'பால்' என்னும் மருந்து, பாதரசத்தையும் பற்றி வெளியேற்ற வல்லது. அதை ஊசி வழியே செலுத்திப் பார்த்தார்கள். சில குழந்தைகள் தேறினர். ஆயினும் நோயை ஒழித்தது அந்த ஊசியன்று. மருத்துவருள் ஒரு சாரார் ஐயம் நீங்காது வாதிட்டுக்கொண்டிருக்கையிலேயே, 1954-இல் பிரிட்டனின் பெரிய உற்பத்தியாளர்கள் தம் தூளிலிருந்து பாதரசத்தை நீக்கினர். சில ஆண்டுகளுக்குள் இளஞ்சிவப்புக் கைகளோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் அரியராயினர்.