சோத்துக்கைத் துப்பாக்கி

கௌபாய் படங்கள் பார்த்தவர்கள் பில்லி த கிட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாட்டுத் திருடன், கொலைகாரன், சாகும்போது சின்னப் பையன். 1881 ஜூலை 14 அன்று நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னர் என்ற இடத்தில் ஷெரிஃப் பாட் காரெட் அவனைச் சுட்டுக் கொன்றார். அவனுடையதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட புகைப்படம் ரொம்ப காலத்துக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொப்பியும் தொளதொள சட்டையுமாக நிற்கிறான். ஒரு பக்கம் தரையில் ஊன்றிய ரைஃபிள். மறு பக்கம் இடுப்பு உறையில் ரிவால்வர், அதுவும் இடது இடுப்பில்.

அது போதாதா? பில்லி இடதுகைக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1958-இல் பால் நியூமன் நடித்து, ஆர்தர் பென் இயக்கிய படத்துக்குப் பெயரே 'த லெஃப்ட் ஹேண்டட் கன்'.

துப்பாக்கி தெரிந்தவர்கள் அந்தப் படத்தில் வேறொன்றைக் கவனித்தார்கள். அவன் பக்கத்தில் இருப்பது 1873 மாடல் வின்செஸ்டர். அந்த ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளும் சின்ன வாசல் வலது பக்கம் மட்டும்தான் உண்டு. புகைப்படத்தில் அது இடது பக்கம் இருக்கிறது! விஷயம் இதுதான்: அந்தப் படம் டின்டைப் முறையில் எடுக்கப்பட்டது. நெகட்டிவ் கிடையாது, மெல்லிய இரும்புத் தகட்டின் மேலேயே பிம்பம் விழும். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறித் தெரியும். படத்தைத் திருப்பிப் பார்த்தால் வாசல் வலது பக்கம் போகிறது, ரிவால்வரும் வலது இடுப்புக்குப் போகிறது. உலகத்திலேயே புகழ்பெற்ற இடதுகைத் துப்பாக்கிக்காரனின் இடதுகைக்கு இருந்த ஆதாரம் அதோடு காலி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் அசல் இடதுகைக்காரன். எனக்கு எதிராகவும் ஒரு துப்பாக்கி சாட்சி சொல்லியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இடதுகைக்குப் பெயர் பீச்சாங்கை. "பீச்சாங்கைல வாங்காதடா, சோத்துக்கைய நீட்டு" என்று அப்பாயி சொல்லிச் சொல்லியே சாப்பாடு, விபூதி, பணம் மூன்றும் வலதுகைக்குப் போய்விட்டன. எழுத்தும் பந்து வீச்சும் மட்டும் தப்பித்தன. 1990-களின் கடைசியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பயிற்சி முகாமில் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டேன். பாயின்ட் டூ டூ ரைஃபிள். ஆளுக்கு ஐந்து தோட்டா. தரையில் படுத்துக்கொண்டு சுட வேண்டும். நான் என்னை அறியாமல் கட்டையை இடது தோளில் வைத்தேன். பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், நல்ல மனிதர். குனிந்து பார்த்து, துப்பாக்கியை எடுத்து என் வலது தோளில் வைத்தார்.

"சார், எனக்கு இடதுகைப் பழக்கம் சார்."

"தம்பி, துப்பாக்கி உனக்காகத் திரும்புமா? நீதான் திரும்பணும்."

திரும்பினேன். வலது கண்ணால் குறி பார்க்க வேண்டும் என்றால் இடது கண்ணை மூட வேண்டும். எனக்கு இடது கண்ணை மட்டும் தனியாக மூட வராது. வலது கண் மூடும். அதனால் கழுத்தைக் கட்டைக்கு மேலே வளைத்து, இடது கண்ணால் பார்த்துச் சுட்டேன். என் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்த நண்பனின் அட்டையில் ஏழு ஓட்டை. சுட்டது என்னவோ அவனும் ஐந்துதான். முகாம் முடியும்வரை என் பெயர் 'தானப்பிரபு'.

சிரித்துக் கடந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 'எனக்குக் குறி பார்க்க வராது' என்பது உள்ளே ஒட்டிக்கொண்டது. அப்புறம் எங்கேயாவது திருவிழாவில் பலூன் சுடும் கடையைப் பார்த்தால்கூட ஒதுங்கிப் போவேன். சில வருடங்களுக்கு முன்னால்தான் ஒரு கேள்வி வந்தது: துப்பாக்கி ஏன் திரும்பாது?

துப்பாக்கிக்கு முந்தைய ஆயுதங்கள் பலவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை. பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் பென்யமீன் கோத்திரத்தைச் சேர்ந்த 700 இடதுகைக் கவண்காரர்கள் வருகிறார்கள். மயிரிழையும் தவறாமல் எறிபவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். கவணுக்கு இடம் வலம் தெரியாது.

திரித்துப்பாக்கியும் சக்கிமுக்கித் துப்பாக்கியும் வந்தபோது ஆயுதத்துக்கு ஒரு பக்கம் உண்டாயிற்று. குழலின் வலது பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் கொஞ்சம் வெடிமருந்து. விசையை இழுத்தால் அது குப்பென்று பற்றி, பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். வலது தோளில் வைத்துச் சுடுபவரின் முகம் கட்டைக்கு இடது பக்கம் இருக்கும். நெருப்பு அந்தப் பக்கம் போய்விடும். இடது தோளில் வைத்தால் முகம் கட்டைக்கு வலது பக்கம் வரும், நேராகக் கிண்ணத்துக்குப் பின்னால். குழலைத் தாங்கும் வலது முன்கையும் அந்த நெருப்புக்குப் பக்கத்தில்தான்.

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகள் தோளோடு தோள் உரசி வரிசையாக நின்று சுட்டன. பிரிட்டிஷ் சிப்பாயின் தோட்டாப் பை வலது இடுப்பில், பயனெட் இடது இடுப்பில். மருந்து போடுவது, கோலால் இடிப்பது, தூக்குவது எல்லாம் எண்ணிக்கை வைத்து ஒரே மாதிரி நடக்கும். அந்த வரிசையில் ஒருவன் மட்டும் மாறி நின்றால் அவனுக்கும் ஆபத்து, பக்கத்தில் இருப்பவனுக்கும் ஆபத்து. ஆகவே ராணுவம் இடதுகைக்காரரை வெறுத்தது என்று சொல்ல மாட்டேன். வரிசை குலையாமல் இருக்க எல்லோரையும் வலதுகைக்காரராக்கியது. காசுள்ள சீமான்கள் மட்டும் வேட்டைக்கு இடதுகைத் துப்பாக்கி தனியாகச் செய்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு கிண்ணம் போயிற்று, நெருப்பு போயிற்று, வரிசையும் போயிற்று. ஆனால் வலது பக்கம் போகவில்லை. நம் ஊர் போலீஸ் கையில் பல காலம் பார்த்த த்ரீ நாட் த்ரீ, அதாவது லீ என்ஃபீல்ட் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ள வேண்டும். கைப்பிடி வலது பக்கம். வலதுகைக்காரர் இடதுகையால் துப்பாக்கியைத் தாங்கியபடியே வலதுகையால் இதைச் செய்துவிடுவார். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிடத்துக்கு 15 குண்டு குறி பார்த்துச் சுடும் பயிற்சி இருந்தது. இடது தோளில் வைப்பவர் என்ன செய்வார்? ஒன்று, தாங்கும் கையை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இடதுகையைத் துப்பாக்கிக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறி கலையும். அமெரிக்காவில் சாவேஜ் கம்பெனி தன் மாடல் 110 ரைஃபிளை இடது போல்ட்டோடு விற்க ஆரம்பித்தது 1950-களின் கடைசியில்தான்.

தானியங்கித் துப்பாக்கிகளில் இன்னொரு தொல்லை. காலித் தோட்டா சுடச்சுட வலது பக்கம் தெறிக்கும். எம்16 ரைஃபிளை இடது தோளில் வைத்துச் சுட்ட அமெரிக்க வீரர்களுக்கு அது சில சமயம் முகத்துக்கு நேராக வந்தது. 1980-களின் தொடக்கத்தில் வந்த எம்16ஏ2 மாடலில் அதற்குத் தீர்வு வைத்தார்கள். தோட்டா வெளியேறும் ஓட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன உலோக மேடு. தோட்டா அதில் முட்டித் திசை மாறிப் போய்விடும். அவ்வளவுதான் தீர்வு. எம்16 ராணுவத்துக்கு வந்தது 1960-களில். அந்த மேட்டுக்கு ஏறத்தாழ இருபது வருடம் ஆகியிருக்கிறது.

எங்கள் மென்பொருள் தொழிலில் டீஃபால்ட் என்று ஒரு சொல் உண்டு. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. அதை எழுதியவர் மறந்துவிடுவார், பழகியவருக்கு அது கண்ணிலேயே படாது. பொருந்தாத பத்தில் ஒருவர்தான் அதில் முட்டிக்கொள்வார். அவரும் "நமக்குத்தான் வரவில்லை" என்று போய்விடுவார். பக் ரிப்போர்ட்டே வராது.

இதன் உச்சம் பிரிட்டனின் எஸ்ஏ80. 1985-இல் படைக்கு வந்த இது புல்பப் வகை. நீளத்தைக் குறைக்க, தோட்டா வெடிக்கும் இயந்திரப் பகுதியை ட்ரிகருக்குப் பின்னால், கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இடது தோளில் வைத்தால் காலித் தோட்டா வரும் ஓட்டை சரியாக முகத்தில் இருக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் ஓடும் காக்கிங் கைப்பிடியும் அதே பக்கம். இது அசௌகரியம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது, பல் போகும். எனவே இடதுகைக்காரர் உட்பட எல்லோருக்கும் வலது தோள் என்பதே விதி.

புல்பப் என்றால் அப்படித்தான் இருக்க முடியுமா? இல்லை. 1977-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற ஸ்டெயர் ஏயுஜி ரைஃபிளில் போல்ட்டை மாற்றி, ஓட்டையின் மூடியை மறு பக்கம் போட்டால் இடதுகைத் துப்பாக்கி ரெடி. பிரான்ஸின் ஃபமாஸும் இப்படி மாற்றக்கூடியதே. நம் நாட்டுச் சிறப்புப் படைகள் வைத்திருக்கும் இஸ்ரேலின் டாவோரும் அப்படியே. பெல்ஜியத்தின் பி90 தோட்டாவைக் கீழே போடும், எஃப்2000 முன்னால் தள்ளும். எந்தத் தோளாக இருந்தால் என்ன? எஸ்ஏ80 வருவதற்கு முன்பே தீர்வு இருந்திருக்கிறது.

இதில் வலதுகைக்காரருக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு சுவரின் வலது ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வலது தோள் வசதி, உடம்பு மறைவில் இருக்கும். இடது ஓரத்திலிருந்து சுட வேண்டும் என்றால் பாதி உடம்பை வெளியே காட்ட வேண்டும். தோள் மாற்ற முடிந்தால் தப்பிக்கலாம். தெருச் சண்டையில் எதிராளி உங்கள் கை பார்த்தா மூலையைத் தேர்ந்தெடுப்பான்?

"பழகினா எல்லாம் வரும்" என்பார்கள். வரும்தான். ஹங்கேரியின் காரோலி டகாச்சைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலதுகை போனது. பிஸ்டலை இடதுகைக்கு மாற்றிப் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சின்கியிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார். ஆனால் பிஸ்டலை நீட்டிய கையில் பிடிக்கிறோம், எந்தக் கண்ணுக்கு நேராகவும் கொண்டுவரலாம். ரைஃபிள் கட்டை கன்னத்தில் ஒட்டியிருக்கும். வலது தோள் என்றால் வலது கண்தான். கையைப் பழக்கலாம், கண்ணைப் பழக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. கைக்கு இருப்பதுபோலவே கண்ணுக்கும் ஆதிக்கப் பக்கம் உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இடது கண். அவர்களில் வலதுகைக்காரர்களும் ஏராளம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் ஒரு சின்ன முக்கோண ஓட்டை செய்து, தூரத்தில் இருக்கும் விளக்கு ஒன்றை இரண்டு கண்ணாலும் அதற்குள் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விளக்கு ஓட்டைக்குள் அப்படியே நிற்கிறதோ அதுதான் உங்கள் கண். எனக்கு இடது.

போன வருடம் ஒரு ஏர் ரைஃபிள் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். என் மகள் வயதுள்ள பயிற்சியாளர் முதலில் செய்யச் சொன்னது இந்தச் சோதனையைத்தான். "நீங்க லெஃப்ட் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இடதுகைக் கட்டை போட்ட ரைஃபிளை எடுத்துவந்தார். 10 மீட்டர் தூரம். பிரமாதமாக ஒன்றும் சுடவில்லை, நாற்பது வயதுக்கு மேல் என்ன வரப்போகிறது? ஆனால் பத்தும் என் அட்டையில்தான் விழுந்தன. கூடத்திலிருந்தே அந்த ஏழு ஓட்டை நண்பனுக்குப் படம் அனுப்பினேன்.

"மிச்ச ரெண்டு எப்போ திருப்பித் தருவே?" என்று பதில் வந்தது.