உப்பனாற்றிலிருந்து வெள்ளாற்றுக்கு: நஞ்சின் கணக்கை எழுதியவர்கள்

திட்டக்குடியில் நாங்கள் நடத்திய ஒரு படிப்பு வட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "சிப்காட் கடலூரில் இருக்கு. நமக்கும் அதுக்கும் என்னண்ணே சம்பந்தம்? நம்ம பிரச்சனை சாதி இல்லையா?" அன்று சொன்ன பதில் எங்களுக்கே போதவில்லை. அதனால் இதை எழுதுகிறோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றங்கரையில் 1980களில் எழுந்தது சிப்காட் வளாகம். பூச்சிக்கொல்லி, சாயம், மருந்துக்கான மூலப்பொருள் என்று பெரும்பாலும் இரசாயன ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. மீனவர்கள், தலித்துகள், வன்னியர்கள் எல்லோரும் வாழும் பகுதி அது. நச்சுக்காற்று ஊர் எது, சேரி எது என்று பார்த்து வீசாது. ஆனால் மூச்சு முட்டும்போது வீட்டை விட்டுக் கிளம்ப யாருக்கு வேறு இடம் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே சாதி வந்து நிற்கும்.

நாற்றம் அடிக்கிறது, கண் எரிகிறது, ஆற்றில் மீன் செத்து மிதக்கிறது என்று மக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆதாரம் எங்கே என்ற கேள்வியும் வந்துகொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் விசாரித்து 2003இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு நடந்ததுதான் எங்களுக்கு முக்கியம். கிராமத்து மக்களே காற்றைப் பிடித்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை. நாற்றம் வரும் நேரத்தில் அந்தப் பையில் காற்றை நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு இரசாயனங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பின்னால் 'நீரி' எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும், அப்பகுதி மக்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்றது. மூக்கு முதலில் சொன்னதைத்தான் ஆய்வகம் பிறகு சொன்னது.

இந்த வாளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே லூசியானா மாநிலத்தின் நார்கோ ஊரில், ஷெல் ஆலையின் வேலியை ஒட்டி வாழ்ந்த கறுப்பின மக்கள் இதே வாளியோடு போராடினார்கள். 2002இல் ஷெல் அவர்கள் வீடுகளை விலை கொடுத்து வாங்கி இடம்பெயர வழிவிட்டது. முன்நின்றவர் மார்கி ரிச்சர்ட் என்ற பள்ளி ஆசிரியை. வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்கிறவர்கள் யார் என்ற கேள்வி அங்கே நிறத்தில் முடிந்தது, இங்கே எதில் முடிகிறது என்று தம்பிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிப்காட்டின் கதை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் இரவில் இரசாயனத் தண்ணீர் புகுந்தது.

சரி, திட்டக்குடிக்கு வருவோம். இங்கே ஆலைப் புகை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆலைகளில் தயாராகிற சரக்கு பாட்டிலில் அடைத்து நம் கடைவீதிக்கு வருகிறது. நாம் அதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம். பருத்திக்கும் சோளத்துக்கும் நெல்லுக்கும் மருந்து. போபாலில் 1984இல் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற ஆலையும் பூச்சிமருந்து ஆலைதான்.

ஆர்கனோபாஸ்பேட் என்ற மருந்து வகையின் வரலாற்றைப் பாருங்கள். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சியைக் கொல்ல வழி தேடியபோது 'டபுன்' என்ற பொருள் கிடைத்தது. அது போருக்கான நரம்பு நச்சாயிற்று. அதே குடும்பத்தின் தம்பிகள் வயலுக்கு வந்தார்கள், மோனோகுரோட்டோபாஸ் அதில் ஒன்று. நரம்பு கட்டளையிட்டால் தசை இயங்கும். இயங்கியதும் அந்தக் கட்டளையை அழிக்க ஒரு நொதி உண்டு. இந்த மருந்து அந்த நொதியை முடக்குகிறது. கட்டளை நிற்காது. வாயில் எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். புழுவுக்கும் அதே நொதி, கெண்டைக்கும் அதே நொதி, முதுகில் டேங்கைக் கட்டியவருக்கும் அதே நொதி.

2017இல் வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், பெரம்பலூர் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். பருத்தி ஆள் உயரத்துக்கு நின்றால் அடிக்கிற மருந்து முகத்துக்கே திரும்பும். பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கொடிய நஞ்சு என்று பொருள். கையுறையும் முகக்கவசமும் போடச் சொல்லி பொடி எழுத்தில் அச்சடித்த தாள் கூடவே வரும். அந்தத் தாள் நிலத்துக்காரரின் வீட்டில் கிடக்கும். டேங்க் கூலிக்காரரின் முதுகில் இருக்கும். அந்தக் கூலிக்காரர் பெரும்பாலும் எந்தத் தெரு என்பது நமக்குத் தெரியும்.

செயற்கை பைரித்ராய்டு என்று இன்னொரு வகை உண்டு, சைபர்மெத்ரின் போல. 'ஆளுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை' என்று சொல்லி விற்பார்கள். மனிதரோடு ஒப்பிட்டால் அது ஓரளவு உண்மைதான். மீனுக்கோ ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் கலந்தாலே போதும். வேலை முடிந்து டேங்கை வாய்க்காலில் கழுவுகிறோமே, அந்தத் தண்ணீர் போதும்.

வாய்க்காலில் கெளுத்தியும் நண்டும் நத்தையும் பிடித்துத்தான் நம் அம்மாக்கள் கறி ஆக்கினார்கள். காசு கொடுக்காத கறி. நிலம் நாசமானால் பட்டா வைத்திருப்பவர் மனு கொடுக்கலாம். படகு வைத்திருப்பவர் நட்டம் கேட்கலாம். கையால் துழாவி நத்தை எடுத்தவளுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. அவள் இழந்தது எந்த அலுவலகக் கணக்கிலும் வராது. 1927இல் மகாடு குளத்தில் இறங்கி அண்ணல் தண்ணீர் குடித்தது அந்தத் தண்ணீர் நமக்கும் உரியது என்று நிலைநாட்டத்தான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்தத் தம்பியும் நண்பர்களும் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். தேதி, எந்த வயல், பாட்டிலில் இருந்த பெயர், முக்கோணத்தின் நிறம், அடித்தவருக்கு அன்று இரவு என்ன செய்தது, மறுநாள் வாய்க்காலில் எது செத்து மிதந்தது. நோட்டு இப்போது பதினோராவது பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒன்று தொடங்கினால் எங்களுக்கு எழுதுங்கள், பாட்டிலின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.