ஒருமலர்த் தேனும் மகரந்தச் சாட்சியமும்: கல்வராயன் மலைத்தேனை முன்னிட்டு

ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் ஆலயத்தில் தேனபிஷேகம் நிகழும்போது லிங்கத் திருமேனியில் அம்பிகையின் வடிவம் புலப்படுவதாகப் பக்தர்கள் தொன்றுதொட்டுப் போற்றிவருகின்றனர். தேனுக்கு இத்தகைய ஏற்றம் அளித்த இவ்வூருக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையின் தேன், வேப்பம்பூத்தேன், நாவல்தேன், கடுக்காய்ப்பூத்தேன் என ஒரே மரத்தின் பெயரால் வழங்கப்பெறுமாயின், அப்பெயருக்குப் பிரமாணம் யாது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

லூவோ, மௌரிசியோ, ஃபோர்வோல் என்னும் ஐரோப்பிய அறிஞர் மூவர் 1978-இல் வகுத்தளித்த முறைப்படி, 10 கிராம் தேனை இளஞ்சூடான நீரில் கரைத்து, மையவிலக்குப் பொறியில் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலை நுண்ணோக்கியில் வைத்து மகரந்தத் துகள்களை எண்ணுவர். ஒரு தாவரத்தின் துகள் 45 சதவீதத்துக்கு மேற்படின் அதுவே தலைமை பெறும். வேம்பின் துகளில் துளைவாய்கள் பெரும்பாலும் நான்கு. நாவலின் துகள் மிகச் சிறியது, முக்கோண வடிவினது. கடுக்காய்த் துகளிலோ துளையுடைய மெய்ப்பள்ளங்கள் மூன்றும் துளையற்ற போலிப்பள்ளங்கள் மூன்றும் மாறிமாறி அமைந்திருக்கும். ஆயினும் மருதும் தான்றியும் கடுக்காயின் பேரினத்தைச் சேர்ந்தவையே ஆதலின், வண்டலை மட்டும் கண்டு 'இது கடுக்காய்' என்று துணிதல் அரிது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. மகரந்தத்தின் அளவும் தாவரம் சுரக்கும் மதுவின் அளவும் ஒன்றல்ல. எலுமிச்சை இனத் தேனுக்கு 10 முதல் 20 சதவீத மகரந்தமே போதுமெனக் கொள்ளப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த்தேனில் ரப்பர் மகரந்தம் இல்லையென்றே சொல்லிவிடலாம், ஏனெனில் அம்மரத்தின் மது பூவிலன்றி இலைக்காம்பின் நுனிச் சுரப்பிகளிலிருந்து ஊறுவது.

மலைத்தேனீயின் அடையில் தேன் மேற்பகுதியிலும், அதன்கீழ் மகரந்தமும், பின்னர்ப் புழுக்களும் அமைந்திருக்கும். அடையை முழுதாகக் கையால் பிழியும்போது, தேனீ உணவுக்கெனச் சேமித்த மகரந்தமும் தேனில் கலந்துவிடுவதால், கள்ளக்குறிச்சிப் பகுதியில் பெருகிய மக்காச்சோளம், துளி மதுவும் சுரவாத பயிராயினும், எண்ணிக்கையில் முன்னே வந்து நிற்றல் கூடும். பிழிதேனுக்கு 45 சதவீதம் என்னும் அயல்நாட்டு வரம்பை அப்படியே பொருத்துதல் முறையன்று என்பது என் துணிபு.

பெட்டித்தேனீயைப் பொறுத்தவரை வழி உண்டு: பூப்புக்கு முன் வெற்றடை வைத்து, பூப்பு முடிந்தவுடன் இயந்திரத்தால் தேனெடுத்து, சுற்றியுள்ள மரங்களின் பூக்காலத்தைக் குறித்துவைத்து, அம்மரங்களிலிருந்தே நேரில் கொய்த மகரந்தத்தோடு வண்டலை ஒப்பிடுதல் வேண்டும். 1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், மகரந்தவியலர் தணிகைமணி போன்றோரின் உழைப்பால் வளர்ந்த மகரந்தத் தொகுப்பு இவ்வொப்பீட்டுக்கு அண்மையிலேயே உள்ள துணையாகும். வேம்பும் நாவலும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் பூப்பன ஆகையால், பூக்காலக் குறிப்பு ஒன்றை மட்டும் நம்பிப் பெயரிடுதலும் தகாது. மலைத்தேனீயின் பிழிதேனுக்கோ, ஒரு மலரின் பெயரை வலிந்து சூட்டுவதினும், எடுத்த மலையையும் மாதத்தையும் சேர்த்துக் 'கல்வராயன் மலைச் சித்திரைத்தேன்' என்றாற்போல் வழங்குதலே நேர்மையாகும்.