மாலைப் பொழுதிலும் மணவாழ்வு

தொடக்க நூலின் 18ஆம் அதிகாரத்தில், கூடார வாயிலின் உட்புறம் நின்று சாரா சிரிக்கின்றார். மகப்பேறு பற்றிய வாக்குறுதியைக் கேட்டதும் அவர் உள்ளத்தில் எழுந்த வினா, முதுமையுற்ற தமக்கும் தம் கணவருக்கும் இனி இன்பமும் உண்டோ என்பதே. விவிலியம் அதை மறைக்கவில்லை, நாம்தாம் மறைக்கின்றோம்.

இவ்வினா திருச்சபைக்குப் புதிதன்று. ஹிப்போ நகர் ஆயரான புனித அகுஸ்தினார், 401ஆம் ஆண்டையொட்டித் திருமணத்தின் நன்மை குறித்து எழுதிய நூலில், மக்கட்பேறு மட்டுமே அந்நன்மை எனில் முதியோரின் இல்லறத்தைத் திருமணம் என்றே அழைக்க இயலாதே என்று வாதிட்டார். கணவன் மனைவியின் தோழமையும் நன்மையே என்றார். ஆயினும் மகப்பேற்றை நாடாத உடலுறவு, மணவாழ்விலும் அற்பப் பாவமே என அவர் கருதினார். அந்த நிழல் நெடுங்காலம் நீங்கவில்லை.

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் மகப்பேற்றையும் மக்களை வளர்ப்பதையும் திருமணத்தின் முதல் நோக்கமாக வைத்தது. எனினும், மலட்டுத்தன்மை திருமணத்திற்குத் தடையன்று என்றும் கூறியது. 1930இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர், வயதின் காரணமாகக் கருவுற இயலாத காலத்திலும் தம்பதியர் கூடி வாழ்வது இயற்கைக்கு முரணன்று எனத் தம் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம்பதியரை ஒன்றிக்கும் உறவுச் செயல்கள் மாண்புமிக்கவை என்று போதித்தது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டம் நோக்கங்களை முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்தாமல், தம்பதியரின் நலனையும் மக்கட்பேற்றையும் இணைத்தே கூறியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஆயுள் நீண்டதால் மணவுறவு ஐம்பது, அறுபது ஆண்டுகள் நிலைக்க வேண்டியுள்ளதை நினைவூட்டினார். வேட்கை தணிந்தாலும் ஒருவர் மற்றவருக்கு உரியவர் என்னும் மகிழ்ச்சி தணிவதில்லை என்றார்.

திருச்சபை இவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்க, நம் குடும்பங்கள் எங்கே நிற்கின்றன? பேரப்பிள்ளை எடுத்த வயதில் இதென்ன ஆசை என்று எள்ளி நகையாடுகின்றோம். தாயை மூத்தவன் வீட்டிலும் தந்தையை இளையவன் வீட்டிலுமாகப் பங்கிட்டுக்கொள்கின்றோம். சொத்தைப் பிரிப்பது போலப் பெற்றோரைப் பிரித்தபின், அவர்களது பொன்விழாவுக்குத் திருப்பலி கேட்டு வருகின்றோம்.

இறைவன் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்னும் ஆண்டவரின் கட்டளைக்கு வயது வரம்பு இல்லை. நோயால் உடலுறவு இயலாத தம்பதியர்க்கும், இரவில் ஒருவர் கரத்தை ஒருவர் பற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. அவர்களுக்கென ஓர் அறையையும் அதன் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளையும் விட்டுவைப்பது, நான்காம் கட்டளையைக் கடைப்பிடிப்பதில் அடங்கும் என்றே நாம் துணிந்து கூறுவோம்.