முன்னே நகர்ந்த மணிக்கூடு

1996 ஆம் ஆண்டின் வரட்சியைக் கொழும்பில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணிநேரம் நீடித்தது. வீடுகளின் மின்பாவனையைக் குறைக்க அரசாங்கம் கண்ட வழிகளில் ஒன்று விசித்திரமானது. மே 25 ஆம் திகதி மணிக்கூடுகள் ஒரு மணிநேரம் முன்னே நகர்த்தப்பட்டன. ஒக்ரோபர் 26 இல் அதில் அரை மணிநேரம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணிநேரம் 2006 ஏப்ரல் 15 வரை எங்களோடு இருந்தது.

கணக்கு எளிமையானது. இலங்கையில் மின்பாவனை உச்சமடைவது வீடுகளில் விளக்கேற்றும் முன்னிரவில்தான். ஆறரைக்கு இருளும் பொழுது ஏழரைக்கு இருண்டால், விளக்கெரியும் நேரம் ஒரு மணியால் குறையும் என்று எண்ணினார்கள். ஐரோப்பாவில் கோடையில் இது பொருந்தும். அங்கே அதிகாலை வெளிச்சம் ஏராளம். கொழும்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணிநேர வேறுபாடுகூட இல்லை. ஆகவே மாலையில் ஏற்றாத விளக்கைக் காலையில் ஏற்ற நேர்ந்தது. பிள்ளைகள் இருட்டிலே பாடசாலைக்குப் புறப்பட்டார்கள். இதனால் உச்சநேரச் சுமை சற்றுத் தணிந்திருக்கலாம். ஆனால் அன்றைய பஞ்சம் தண்ணீர்ப் பஞ்சம். மொத்தப் பாவனை குறைந்தாலன்றி நீர்த்தேக்கத்தில் நீர் மிஞ்சாது.

வடக்கின் நிலை வேறு. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணம் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், ஜாம் போத்தலில் திரியிட்டு மண்ணெண்ணெய் விளக்கெரித்தவர்களும் எந்த மின்சாரத்தைச் சேமிப்பது? விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே தீவில் இரு நேரங்கள். செய்தியில் 'பழைய நேரம்' என்று போடுவதா, 'புதிய நேரம்' என்று போடுவதா என்பது எங்கள் செய்தி மேசைக்கு அன்றாடக் கேள்வியானது. 2002 இல் ஏ-9 வீதி திறந்த பின்னர், ஓமந்தையைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணிநேரம் பின்னே திருப்பிக்கொண்டார்கள்.

அதே தொண்ணூறுகளில் இலங்கை மின்சார சபை இன்னொன்றையும் செய்தது. சிஎஃப்எல் மின்குமிழ்களைப் பாவனையாளருக்குக் கொடுத்து, விலையை மின்பட்டியலோடு தவணைமுறையில் அறவிட்டது. 60 வாட் குமிழ் தந்த வெளிச்சத்தை ஏறத்தாழ 14 வாட்டில் அது தந்தது. அதற்காக எவரும் இருட்டில் எழவேண்டியிருக்கவில்லை. காலையோ மாலையோ, எரிந்த நேரமெல்லாம் மிச்சந்தான்.

என் கணிப்பில், மணிக்கூட்டுத் திட்டத்தின் பெருங்குறை அது தோற்றதல்ல. மீளாய்வுக்கு ஒரு திகதி குறிக்கப்படாததே. அவசரகால நடவடிக்கையாக வந்தது, மழை பெய்து மின்வெட்டு நீங்கிய பின்னரும் ஒன்பதரை ஆண்டுகள் நீடித்தது. மின்சாரமே இல்லாத வீட்டின் விடியலையும் அது மாற்றக் கேட்டது. ஒரு சேமிப்புத் திட்டத்தை மதிப்பிடுவோர் மிஞ்சிய அலகுகளை எண்ணினால் மட்டும் போதாது. அதன் சுமையை யார் சுமந்தார்கள் என்பதையும் எண்ணவேண்டும்.